ஹைபிரிட் காரின் சின்னப் பற்றரி: பெரியதில் கை வைக்குமுன் இதை அளந்து பாருங்கள்

ஹைபிரிட் கார் காலையில் 'ரெடி' ஆகவில்லை (ஓடத் தயார் என்கிற லைட் டாஷ்போர்டில் வரவில்லை) என்றால் திருகோணமலையில் முதலில் காதில் விழுகிற வசனம், "பற்றரி போயிட்டுது, லட்சக்கணக்கில முடியும்" என்பதுதான். பற்றரி போனது அநேகமாகச் சரி. ஆனால் இந்தக் காரில் பற்றரி இரண்டு. ஒன்று லட்சக்கணக்கில் முடிகிற பெரிய பற்றரி. மற்றது சாதாரண காரில் இருப்பதைவிடவும் சின்னதான 12 வோல்ட் பற்றரி. உப்புவெளிப் பக்கம் சின்னதாக ஒரு வயரிங் பட்டறை வைத்திருக்கிறேன். ரெடி ஆகாமல் என்னிடம் வருகிற டொயோட்டா அக்குவா, பிரியஸ்களில் பெரும்பாலானவற்றுக்குச் சின்னப் பற்றரியில்தான் நோய். அதை அளக்க ஒரு மீற்றரும் இரண்டு நிமிடமும் போதும். அதைச் செய்யாமல் பெரிய பற்றரிக்கு விலை பேசுகிறார்களே, அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

சின்னப் பற்றரியின் வேலை என்ன? எஞ்சினைச் சுழற்றுவது இல்லை. அக்குவாவிலும் பிரியஸிலும் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பற்றரியில் ஓடும் மோட்டார். சின்னது கம்ப்யூட்டர்களை எழுப்பும், கதவுப் பூட்டையும் லைட்டையும் பார்த்துக்கொள்ளும், பிரேக் பம்பை ஓட்டும், கடைசியில் பெரிய பற்றரியைக் காருடன் இணைக்கிற ரிலேக்களை (மின்சாரத்தில் இயங்குகிற சுவிச்சுகளை) மூடும். அந்த ரிலே மூடாவிட்டால் முதல் தலைமுறை அக்குவாவின் 144 வோல்ட்டும் சரி, மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் 201.6 வோல்ட்டும் சரி, இருந்தும் பயனில்லை. கார் ரெடி ஆன பிறகு நிலைமை மாறும். சாதாரண காரில் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற அல்டர்நேட்டர் இதில் கிடையாது, டிசி-டிசி கன்வேட்டர் என்ற பாகம் பெரிய பற்றரியிலிருந்து எடுத்து 14 வோல்ட்டுக்குக் கிட்டச் சின்னதற்கு ஊட்டும்.

வில்லங்கமும் இங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் காரில் பற்றரி கிழடாகும்போது ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுழலும், கிழமைக்கணக்கில் முனகும், நீங்களும் உசாராகி விடுவீர்கள். ஹைபிரிட்டில் ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் கொடுக்கிற வேலை இல்லாததால், முக்கால்வாசி செத்த பற்றரியும் கம்ப்யூட்டரை எழுப்பிக் காரை ஓட விட்டுவிடும். நேற்று நிலாவெளிக்குப் போய் வந்த கார் இன்று கதவே திறக்காது. கட்டுநாயக்காவுக்கு ஹயர் போகிற தம்பிமார் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கன்வேட்டர் தாங்கும், ஒன்றும் தெரியாது. ஹபரணையில் தேநீருக்கு நிறுத்தி அணைத்துவிட்டு வந்து பட்டனை அழுத்தும்போதுதான் தெரியும். நடுச்சாமத்தில், யானை கடக்கிற றோட்டில், விமானத்துக்கு நேரமாகிற ஆட்களோடு.

முதலில் எது நோயாளி என்று பிரித்துக்கொள்வோம். சின்னப் பற்றரி போனால் பெரும்பாலும் ரெடி லைட் வராது. பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டில் எல்லா லைட்டும் கோவில் திருவிழாச் சோடனை மாதிரி மின்னி மின்னி அணையும், உள்ளே ரிலே டிக் டிக் என்று அடிக்கும், அல்லது ஒரு சத்தமும் இருக்காது. அதற்கு முந்திய நாட்களில் மணிக்கூடு தானாக 1:00க்குப் போயிருக்கலாம், ட்ரிப் மீற்றர் பூச்சியம் ஆகியிருக்கலாம், ரிமோட்டுக்குக் கதவு சோம்பலாகத் திறந்திருக்கலாம். பெரிய பற்றரி தளர்ந்தால் கதை வேறு. கார் அநேகமாக ரெடி ஆகும், ஓடும். ஆனால் பற்றரிக் கட்டங்கள் கொஞ்ச நேரத்தில் முழுதாக ஏறி உடனே இறங்கும், பின் சீற்றுப் பக்கம் விசிறி இரைந்துகொண்டே இருக்கும், பிறகு எச்சரிக்கை லைட் வரும். ஸ்கேனர் போட்டால் பி0ஏ80 என்ற கோட் காட்டும். பி0560, அத்துடன் யு எழுத்தில் தொடங்குகிற கோட் ஒரு கூட்டம் வந்தால், அது 12 வோல்ட் சரிந்து கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று தொடர்புகொள்ள முடியாமல் தவித்ததன் பதிவு. அந்தத் தாளைக் காட்டி, "பாருங்கோ அண்ணை, பதினைஞ்சு பிழை" என்று யாராவது பயம் காட்டினால், "முதலில் பன்னிரண்டு வோல்ட்டை அள தம்பி" என்று சொல்லுங்கள்.

அளப்பது எப்படி

சாதாரண டிஜிட்டல் மீற்றர் போதும். அக்குவாவில் சின்னப் பற்றரி பின் சீற்றின் அடியில், வலப்பக்கம். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் டிக்கிக்குள், வலப்பக்க மூலையில். ஆனால் அளக்க அங்கே போகத் தேவையில்லை. இரண்டிலும் பொனட்டின் கீழ் பியூஸ் பெட்டிக்குள், சின்னச் சிவப்பு மூடியின் அடியில் ஒரு உலோக முனை இருக்கிறது. அது பற்றரியின் பிளஸ். மீற்றரின் சிவப்பை அதில் வையுங்கள், கறுப்பைப் பெயின்ட் இல்லாத ஏதாவது போல்ட்டில் வையுங்கள்.

நேரம் முக்கியம். ஓட்டி வந்தவுடன் அளந்தால் பொய்யான நல்ல எண் காட்டும். காலையில் கதவைத் திறந்துவிட்டு அளந்தால் பொய்யான கெட்ட எண் காட்டும், ஏனென்றால் சாரதிக் கதவைத் திறந்தவுடன் பிரேக் பம்ப் ஒருதரம் ஓடும். (கதவைத் திறக்க 'கிர்ர்' என்று கேட்கிற சத்தம் அதுதான். அதைப் பழுது என்று நினைத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்.) அதனால் இரவே பொனட்டை விடுவித்து, கொக்கியில் மட்டும் நிற்க வையுங்கள். திறப்பை வீட்டுக்குள் தூரமாக வையுங்கள். காலையில் கதவைத் தொடாமல் பொனட்டைத் தூக்கி அளவுங்கள்.

12.6க்கு மேல் இருந்தால் நல்லது. புது ஏஜிஎம் பற்றரி (அமிலம் தளம்பாமல் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கிற வகை) 12.8 வரை காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி சார்ஜ். 12.2 அரைவாசி, அந்த இடத்திலிருந்து கவலைப்படலாம். 12க்குக் கீழே இரவோடிரவாக இறங்கியிருந்தால், ஒன்றில் பற்றரி முடிந்தது, அல்லது ஏதோ ஒன்று இரவில் குடிக்கிறது.

அப்புறம் சுமை கொடுத்துப் பாருங்கள். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு தரம் அழுத்தி 'ஒன்' நிலைக்குக் கொண்டுவந்து, ஹெட்லைட்டைப் போட்டு ஒரு நிமிடம் விடுங்கள். எண் ஒரு இடத்தில் நின்றால் பற்றரியில் உயிர் இருக்கிறது. 11.5ஐத் தாண்டி ஓடி இறங்கினால் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. கடைசியாகப் பிரேக்கை மிதித்து ரெடி ஆக்கி அளவுங்கள். 13.8க்கும் 14.5க்கும் இடையில் வந்தால் கன்வேட்டர் நலம். 13ஐத் தொடாவிட்டால் புதுப் பற்றரி வாங்கி வைத்தும் பிரயோசனம் இல்லை. வயர், பியூஸ், கன்வேட்டர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

கடையில் டெஸ்டர் பிடித்துப் பார்க்கிறார்கள் என்றால் ஏஜிஎம் என்று செட் பண்ணினார்களா என்று கேளுங்கள். சாதாரண பற்றரி என்று வைத்துப் பிடித்தால் அது சொல்வதை நம்ப முடியாது.

ஜம்ப் பண்ணுவது

ஜம்ப் என்பது வேறொரு பற்றரியிலிருந்து வயர் போட்டுக் கரண்ட் கொடுப்பது. கதவே திறக்காவிட்டால் பதறாதீர்கள். ஸ்மார்ட் திறப்புக்குள் ஒரு சின்ன இரும்புத் திறப்பு இருக்கிறது, பக்கத்து நெம்பியைத் தள்ளினால் வரும். அது சாரதிக் கதவுக்கு. பொனட் கம்பியில் வேலை செய்வது, மின்சாரம் தேவையில்லை. பிரியஸ்காரர் டிக்கியைத் திறக்க மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து டிக்கிப் பூட்டு மின்சாரத்தில்தான் திறக்கும். முன்னால் ஜம்ப் கொடுங்கள், பின்னால் தானாகத் திறக்கும்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது இந்தக் கார்களில் நடக்காது. ஒதுக்குவதற்குத் தள்ளுவதென்றால், அக்குவாவில் கியர் நெம்புக்குப் பக்கத்தில் உள்ள பூட்டு விடுவிக்கும் பட்டனை அழுத்தி நியூட்ரலுக்குக் கொண்டுவரலாம். பிரியஸில் 'பி' (பார்க்) பூட்டு மின்சாரத்தில் ஓடுவதால் 12 வோல்ட் இல்லாமல் விடுபடாது, முன்சில்லைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். தள்ளும்போது பிரேக் கல்லு மாதிரி இறுகியிருக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

எஞ்சினைச் சுழற்றத் தேவையில்லாததால், ஜம்ப் கொடுக்கப் பெரிய லொறிப் பற்றரி எல்லாம் வேண்டாம். ஒரு ஓட்டோவின் 12 வோல்ட் பற்றரி தாராளமாகப் போதும். திருகோணமலையில் எந்தச் சந்தியில் நின்றாலும் கிடைக்கிற உதவி அது. ஓட்டோவை அணைத்து வைத்துவிட்டே கொடுக்கலாம்.

சிவப்பு வயரின் ஒரு முனை உங்கள் பியூஸ் பெட்டியில் உள்ள அந்த முனைக்கு, மறு முனை உதவி செய்கிற பற்றரியின் பிளஸுக்கு. கறுப்பு வயரை அந்தப் பற்றரியின் மைனஸில் கொழுவி, கடைசியாக உங்கள் காரில் பெயின்ட் இல்லாத, தடித்த உலோகத்தில் கொழுவுங்கள். ஐந்து நிமிடம் விட்டு, பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்துங்கள். ரெடி வந்ததும் கொழுவியதற்கு எதிர் ஒழுங்கில் கழற்றுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால், கண் இமைக்கும் நேரத்தில் பிரதான பியூஸ் போகும்; கெட்ட காலம் என்றால் கன்வேட்டரும் சேர்ந்து போகும். கூட நிற்கிறவர்கள் "குடு குடு" என்று அவசரப்படுத்தினாலும், சிவப்பு எங்கே போகிறது என்று கையால் தொட்டுச் சரிபார்த்துவிட்டே அடுத்ததைக் கொழுவுங்கள்.

நன்றிக்கடன் என்று உங்கள் ஹைபிரிட்டிலிருந்து டீசல் வானுக்கு ஜம்ப் கொடுக்கப் போகாதீர்கள். அதன் ஸ்டார்ட்டர் இழுக்கிற இழுப்பை இந்தச் சின்ன அமைப்பு தாங்காது.

ஜம்ப் கொடுத்தபின் ஒரு மணித்தியாலமாவது ரெடியில் விடுங்கள், வெளியிடத்தில் மட்டும். மூடிய கராஜுக்குள் ரெடியில் விட்டால் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கிப் புகை நிரம்பும். முழுச் சார்ஜுக்குச் சின்னச் சார்ஜர்தான் நல்லது, நாலு அம்பியருக்கு மேல் போகாதது. பழைய பற்றரிக் கடைகளில் லொறிப் பற்றரிகளோடு சேர்த்து முழுவேகத்தில் ஏற்றுவார்கள். ஏஜிஎம் பற்றரிக்கு அது ஆயுளைக் குறைக்கிற வேலை, கொடுக்காதீர்கள்.

எதை வாங்குவது

உப்புவெளியில் ஒரு ரீச்சர் இருக்கிறா, வெள்ளை அக்குவா. பள்ளிக்கூடம் பக்கத்தில் என்பதால் கார் ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே வரும். "தம்பி, காருக்குள்ள ஒரு புளிச்ச மணம், தலையிடிக்குது, ஏசி பழுதோ பாருங்கோ" என்றா. ஏசியைப் பார்க்கவில்லை, பின் சீற்றைத் தூக்கினேன். வேறொரு இடத்தில் பற்றரி மாற்றியிருந்தார்கள். மலிவான சாதாரண தண்ணிப் பற்றரி. மேலே ஆறு மூடி. காரோடு வந்த ஒடுங்கிய றப்பர்க் குழாய் எதிலும் கொழுவாமல் பக்கத்தில் கிடந்தது. பற்றரியைச் சுற்றிக் காப்பெற் வெளுத்து, விரலால் தொட உதிர்ந்தது. பிடித்து வைக்கிற தகட்டின் பெயின்ட் பொக்களித்துக் கறள் ஏறியிருந்தது.

சார்ஜ் ஏறும்போது ஈயப் பற்றரி ஹைட்ரஜன் விடும், தண்ணிப் பற்றரி அமிலப் புகையையும் சேர்த்து விடும். பொனட்டின் கீழ் இருந்தால் காற்றோடு போய்விடும். சீற்றின் அடியில் இருந்தால் ஆட்கள் மூச்சில் இழுப்பார்கள், ஹைட்ரஜன் தேங்கினால் தீப்பொறிக்கு வெடிக்கவும் கூடும். அதற்காகத்தான் இந்தப் பற்றரிகளில் வாயு வெளியேறுகிற துவாரமும், அதைக் காருக்கு வெளியே கொண்டுபோகிற குழாயும் வைத்திருக்கிறார்கள். விலையில் எதைக் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள்.

அக்குவாவுக்கு வருவது எஸ்34பி20ஆர் என்ற இலக்கம். முன்னால் உள்ள 'எஸ்' தான் அந்தத் துவாரமுள்ள வகை என்பதற்கு அடையாளம். '20' என்பது நீளம், சென்ரிமீற்றரில், கிட்டத்தட்ட. 'ஆர்' பிளஸ் எந்தப் பக்கம் என்பது. 'எல்' வாங்கினால் வயர் எட்டாது, எட்டவைக்க இழுக்கவும் கூடாது. முனைகளும் ஒல்லியானவை. தடித்த முனைக்குக் கிளிப்பை விரித்து மாட்டினால் பிறகு ஒருபோதும் இறுகாது. பிரியஸில் பெரிய அளவும் வருவதால் பழையதைப் பார்த்து அதே இலக்கத்தை வாங்குங்கள். பற்றரி பொனட்டின் கீழ் இருக்கிற ஹோண்டாக்காரருக்குப் புகைப் பிரச்சினை இல்லை. வாகனப் புத்தகத்தில் உள்ள வகையையே போடட்டும்.

கடையில் உற்பத்தித் திகதியைக் கேளுங்கள். இந்த அளவு நம் ஊரில் அடிக்கடி விற்பதில்லை, ஒரு வருடம் தட்டில் கிடந்ததைத் துடைத்துத் தருகிறவர்கள் உண்டு. கையோடு மீற்றர் கொண்டுபோய் 12.5க்குக் கீழே காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாற்றுகிற வேலை சிக்கலில்லை. காரை அணைத்து, திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்து, கதவைத் திறந்தே விடுங்கள். 10ஆம் இலக்கச் சாவியால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ். குழாயைக் கழற்றிப் பழையதை எடுத்து, புதியதில் முதலில் குழாயைக் கொழுவி, பிறகு பிளஸ், கடைசியாக மைனஸ். செம்மஞ்சள் நிற வயர் எதிலும் கை வைக்க வேண்டாம், அது பெரிய பற்றரியின் உயர் வோல்ட். சீற் கழன்றிருக்கும்போதே பெரிய பற்றரியின் விசிறி காற்று இழுக்கிற துவாரத்தில் அடைந்த தூசியை வழித்து எடுங்கள், அது அடைபட்டால் பெரிய பற்றரி சூடாகும். யன்னல்கள் தானாக ஏறி இறங்குவது மறந்திருந்தால், ஒவ்வொன்றையும் முழுக்க ஏற்றிச் சுவிச்சைச் சில விநாடி பிடித்திருந்தால் திரும்பும்.

நம் ஊர் வெயிலும் உப்பும்

மே தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியே நிறுத்திய காரின் உள்பக்கம் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். 10 பாகை கூடினால் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது பற்றரிக்காரரின் பழைய கணக்கு. ஜப்பானில் எத்தனை வருடம் போகும் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இங்கே நாலு வருடம் தாண்டியதை ஆறு மாதத்துக்கு ஒருதரம் அளக்கச் சொல்வேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் நம்மிடம் உள்ளவை பெரும்பாலும் வயது போனவை, பற்றரி எப்போது மாற்றியது என்பது பலருக்குத் தெரியாது.

கடற்காற்று இன்னொரு கரைச்சல். முனையில் வெள்ளையாக, பச்சையாகப் பூக்கும். எர்த் வயர் காரின் உலோக உடலோடு சேருமிடத்தில் கறள் பிடிக்கும். பற்றரி நல்லதாக இருந்தும் ரெடி வராமல் விளையாடுகிற கார்களில் எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கியே அனுப்பியிருக்கிறேன். பூத்ததைத் துடைக்க அப்பச்சோடா கரைத்த தண்ணீரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், சீற்றடியில் ஊற்றாதீர்கள். காய்ந்ததும் கொஞ்சம் வாஸ்லின்.

ஓடாமல் நிற்பதுதான் சின்னப் பற்றரியின் பெரிய எதிரி. 2022இல் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் எத்தனை நல்ல பற்றரி இப்படிச் செத்தது! கார் நிற்க நிற்க வடியும். அதோடு 'ஒன்' நிலையில் பாட்டுக் கேட்டால் பத்து அம்பியருக்கு மேல் போகும், சார்ஜோ துளியும் ஏறாது. கோணேஸ்வரத்தடியில் ஆட்களுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால் ரெடியில் இருங்கள், அல்லது முழுக்க அணையுங்கள்.

இரவில் குடிப்பது எது என்று தேடுகிறபோது நான் முதலில் பார்ப்பது டாஷ் கேம். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்கிற வகை 300 மில்லி அம்பியர் எடுத்தால் நாளுக்கு 7 அம்பியர்-மணிக்கு மேல். முப்பதுக்குக் கிட்ட மட்டுமே கொள்கிற பற்றரி மூன்று நாளில் கார் எழும்பாத நிலைக்கு வந்துவிடும். அடுத்தது கார் வாங்கியபின் பொருத்திய அலாரம், அப்புறம் காருக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிற ஸ்மார்ட் திறப்பு. கிட்ட இருந்தால் காரைத் தூங்க விடாது. அளந்து பார்க்க விரும்பினால் மீற்றரை 10 அம்பியரில் வைத்து மைனஸ் வயருக்கும் பற்றரிக்கும் இடையில் கொழுவி, அரை மணித்தியாலம் பொறுத்து வாசியுங்கள். 50 மில்லி அம்பியருக்குக் கீழே வர வேண்டும். அந்த நேரம் சாரதிக் கதவைத் திறக்காதீர்கள். பம்ப் ஓடி மீற்றரின் பியூஸைக் கொண்டுபோய்விடும்.

ஒரு மாதத்துக்கு மேல் வெளிநாடு போகிறீர்கள் என்றால் மைனஸைக் கழற்றிவிட்டுப் போங்கள். பிரியஸில் அதைச் செய்துவிட்டு டிக்கியை அடித்து மூடினால் திரும்பி வந்து திறக்க முன்னாலிருந்து கரண்ட் கொடுக்க வேண்டும், ஞாபகம். வீட்டில் ஓட்டத் தெரிந்த ஒருவர் இருந்தால் கிழமைக்கு ஒருதரம் ஒரு மணித்தியாலம் ரெடியில் விடச் சொல்லுங்கள். கன்னியா வரை ஓட்டிவிட்டு வந்தால் இன்னும் நல்லது, டயருக்கும் பிரேக்குக்கும் சேர்த்து.